பேட்டை டென்னிஸ் கிளப்பில் சேர வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் நான் ஆடும் கிளப் மிகச் சிறியது. இரண்டு மண் கோர்ட், ஒரு சிமெண்ட் கோர்ட், ஒரு வேப்பமரம், அதன் அடியில் நீளமான ஒரு பெஞ்ச். 17 வருடமாக வாரத்தில் நாலு நாள் அங்கே போகிறேன். புதிதாக வருகிறவர்களை முதல் சில வாரங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு 40 வயது. ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. இனிமேல் வருமா?

வரும். ஆனால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முதல் மாதம் பந்து வேலியைத் தாண்டும். இரண்டாம் மாதம் வலையில் விழும். மூன்றாம் மாதம் என்றைக்காவது ஒரு நாள் பத்துப் பந்து தொடர்ந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும். அன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகிற நடையே வேறாக இருக்கும். சேர்ந்தவர்களில் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் போகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் அநேகமாகப் போவதில்லை. கிரிக்கெட்டோ ஷட்டிலோ ஆடிப் பழகியவர்கள் மணிக்கட்டைச் சுழற்றி அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் முதல் நாளே விட்டுவிடுங்கள். டென்னிஸ் பந்தின் அடியை மணிக்கட்டு தாங்காது.

கிளப்பில் சேர்வது எப்படி? பெரிய செலவு ஆகுமா?

நகரத்தின் பழைய, பெரிய கிளப்களில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் பரிந்துரைக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். அங்கே டென்னிஸ் பல வசதிகளில் ஒன்று. எங்களைப் போன்ற பேட்டை கிளப்களில் மாதச் சந்தா கட்டினால் போதும். இதெல்லாம் இல்லாமல் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கோர்ட்டுகளும் இப்போது நிறைய வந்துவிட்டன.

வாடகைக் கோர்ட்டில் ஆடுவதற்கு நாலு பேரை நீங்களே சேர்க்க வேண்டும், ஒருவர் வரவில்லை என்றால் ஆட்டம் போச்சு. கிளப்பில் காலை ஐந்தே முக்காலுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். அதனால் முடிந்தவரை கிளப்பிலேயே சேருங்கள்.

மார்க்கர் என்கிறார்களே, யார் அவர்?

ஆள் இல்லாதபோது எதிர்ப்பக்கம் நின்று உங்களோடு ஆடுவதற்கும், ஆரம்பக்காரர்களுக்குப் பந்து போட்டுக் கொடுப்பதற்கும் கிளப்பில் இருப்பவர். பல மார்க்கர்கள் சிறுவயதில் பந்து பொறுக்கிப் போட வந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்கள். எங்கள் மார்க்கர் அண்ணன் அப்படித்தான். விடியற்காலை நாலரைக்கு வந்து மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பார். அது இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்து ரோலர் இழுப்பார். பிறகு நூல் பிடித்து சுண்ணாம்புக் கோடு போடுவார். கடைசியாகத் துடைப்பத்தால் கோட்டோரம் மட்டும் ஒருமுறை. நாம் வந்து சேரும்போது கோர்ட் ஈர மண் வாசனையோடு, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் கிடக்கும்.

ஆட்டம் முடிந்ததும் பிரஷ் இழுத்துவிட்டுப் போங்கள். அவர் வேலைதானே என்று விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவரிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டால் அதற்கான பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.

எல்லோரும் டபுள்ஸ்தான் ஆடுகிறார்கள். டிவியில் காட்டுவது சிங்கிள்ஸ். எதைக் கற்றுக்கொள்வது?

டபுள்ஸ். என்னிடம் கேட்டால் கிளப் வாழ்க்கையே டபுள்ஸ்தான்.

காரணம் முதலில் இடம். மூன்று கோர்ட்டில் ஆறு பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர் ஆடலாம். இரண்டாவது வயது. எங்கள் பெஞ்சில் 74 வயது சார் ஒருவர் இருக்கிறார். ஓட மாட்டார். வலை ஓரம் நின்றுகொண்டு, பந்து வரும் பக்கம் ராக்கெட்டை நீட்டினால் போதும், பந்து செத்ததுபோல வலைக்கு அந்தப் பக்கம் விழும். இருபத்தைந்து வயதுப் பையன்கள் அவரை எதிர்த்து ஆடிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வருவார்கள். சிங்கிள்ஸ் மட்டும் இருந்திருந்தால் அவர் இருபது வருடத்துக்கு முன்பே ஆட்டத்தை விட்டிருப்பார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். டபுள்ஸில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். நீங்கள் டபுள் ஃபால்ட் போட்ட பிறகு, அதாவது இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போன பிறகு, அவர் உங்களைப் பார்த்து என்ன சொல்கிறார் என்பதில் அடுத்த பாயிண்ட் இருக்கிறது. ‘பரவாயில்லை, அடுத்தது உள்ளே போடு’ என்று சொல்லத் தெரிந்த பார்ட்னருக்கு எங்கள் கிளப்பில் எப்போதும் கிராக்கி உண்டு. அவர் ஆட்டம் சுமாராக இருந்தாலும் நாலு பேர் கூப்பிடுவார்கள்.

இந்தியாவின் டென்னிஸ் பெருமையில் பெரும்பங்கு டபுள்ஸில்தான் இருக்கிறது. 1966ல் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்று, மெல்போர்னில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. 4-1 என்று தோற்றோம். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது? ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம், ரோச் ஜோடியை வீழ்த்திய டபுள்ஸ். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, லியாண்டர் பயஸோடு சேர்ந்து 1999ல் டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் நாலின் இறுதிக்கும் போய், பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார். ரோகன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓப்பனை மேத்யூ எப்டனோடு வென்றபோது அவருக்கு 43 வயது. அந்த வயதில்தான் முதன்முறையாக உலக நம்பர் 1 ஆனார். அதே 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்ஜோவில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) 250 நிலைப் போட்டியில் டபுள்ஸ் பட்டம் வென்றார்கள். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கள் கிளப்பில் அன்றைக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தது.

புதிதாக டபுள்ஸ் ஆடும்போது என்ன ஞாபகம் வைக்க வேண்டும்?

வேகத்தை மறந்துவிடுங்கள். முதல் சர்வை முக்கால் வேகத்தில் போட்டாலும் உள்ளே போடுங்கள். சந்தேகம் வந்தால் எதிரணி இரண்டு பேருக்கும் நடுவில் அடியுங்கள். யார் எடுப்பது என்று அவர்கள் யோசிக்கும் அரை நொடி உங்களுக்கு லாபம். வலையில் நிற்பவர் ரொம்ப ஆர்வமாக முன்னால் வந்தால் தலைக்கு மேலே உயரத் தூக்கி ஒரு லாப். பார்ட்னர் பின்னால் போனால் நீங்களும் பின்னால் போங்கள், முன்னால் வந்தால் முன்னால் வாருங்கள். இருவரையும் ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ராக்கெட் வாங்குவது?

முதலில் கடன் வாங்கி ஆடுங்கள். பிறகு 280 கிராம் சுற்றுவட்டத்தில், தலை கொஞ்சம் பெரிதாக உள்ள ஒன்று. பிடி அளவு கைக்குச் சரியாக இருக்கிறதா என்பது பிராண்டைவிட முக்கியம். ராக்கெட் நரம்பை 50 பவுண்டுக்கு மேல் இறுக்கச் சொல்லாதீர்கள். நம் ஊர் வியர்வைக்கு, பிடிமேல் சுற்றும் ஓவர்கிரிப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

15, 30, 40 கணக்கு குழப்புகிறது.

ஒரு வாரத்தில் பழகிவிடும். பூஜ்யம் லவ். பிறகு 15, 30, 40, அதற்கு மேல் கேம். இரண்டு பேரும் 40 என்றால் டியூஸ், அங்கிருந்து தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்க வேண்டும். ஆறு கேம் எடுத்தால் செட், ஆனால் இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். 6-6 என்றால் டை பிரேக் என்ற ஒரு கடைசிக் கேம், முதலில் ஏழு பாயிண்ட் எடுப்பவருக்குச் செட். 2022 முதல் நாலு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் பாயிண்ட் டை பிரேக். இரண்டு வகை டை பிரேக்கிலும் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும்.

சர்வ் செய்பவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாதிச் சண்டைகள் இதைச் செய்யாததால்தான் வருகின்றன.

அம்பயர் இல்லையே. பந்து உள்ளேயா வெளியேயா என்று யார் சொல்வது?

பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்கள். கோட்டைக் கொஞ்சம் தொட்டிருந்தாலும் உள்ளே. சரியாகப் பார்க்கவில்லை என்றால் எதிராளிக்கே பாயிண்ட். ‘பாதி பாதி, திரும்ப ஆடலாம்’ என்பது சரியான வழி அல்ல. பார்க்காதவருக்கு அவுட் சொல்லும் உரிமை கிடையாது.

விம்பிள்டனில் 2025லிருந்து கோட்டு நடுவர்களே இல்லை, எல்லாம் கேமரா. அந்த வருடம் நாலு கிராண்ட் ஸ்லாமில் பாரிஸில் மட்டும் மனிதர்கள் நின்றார்கள். மண்ணில் பந்தின் தடம் பதிகிறது, அம்பயர் இறங்கி வந்து விரலால் காட்டுகிறார். எங்கள் மண் கோர்ட்டிலும் அதே முறைதான், அம்பயர் மட்டும் கிடையாது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு கிளப் போட்டி, அரையிறுதி. எங்களுக்கு மேட்ச் பாயிண்ட், எடுத்தால் ஆட்டம் எங்களுடையது. எதிரணியின் பந்து என் பக்கத்துக் கோட்டோரம் விழுந்தது, நான் அவுட் என்றேன். கை கொடுக்க வலைக்கு நடந்து போகும்போது தடத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பில் நகக்கண் அளவு பட்டிருந்தது. என் பார்ட்னரைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சொல்லிடுங்க’ என்றார். சொன்னேன். டியூஸ் ஆனது, அந்தக் கேம் போனது, பிறகு மேட்சும் போனது. அன்று எதிர்ப்பக்கம் ஆடியவர்களில் ஒருவர்தான் இப்போது எனக்கு மூன்று வருடமாக நிரந்தரப் பார்ட்னர்.

பக்கத்துக் கோர்ட்டுக்குப் பந்து போய்விட்டால்?

அவர்கள் பாயிண்ட் முடியும் வரை காத்திருங்கள். பின்னால் குறுக்கே ஓடாதீர்கள். உங்கள் கோர்ட்டுக்குப் பந்து உருண்டு வந்தால் உடனே ‘லெட்’ என்று கத்துங்கள், ஆட்டத்தை நிறுத்தி அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடலாம் என்று அர்த்தம். பந்து மேல் கால் வைத்துக் கணுக்கால் பிசகியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முழங்கை வலிக்கிறது. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், நிறுத்தி வையுங்கள். பேக்ஹேண்டைத் தாமதமாக, முழங்கையை முன்னால் தள்ளி அடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். ராக்கெட்டின் இறுகிய நரம்பு, அதிலும் விறைப்பான பாலியெஸ்டர் நரம்பு, அதை மோசமாக்கும். நான் வலியோடு ஆறு வாரம் ஆடி, பிறகு நாலு மாதம் உட்கார்ந்தேன். வலி தெரிந்த அன்றே பிசியோதெரபிஸ்டைப் பார்த்திருந்தால் இத்தனை நாள் போயிருக்காது. இரண்டு கை பேக்ஹேண்டுக்கு மாறினேன், மிருதுவான நரம்பு போட்டேன். அதற்குப் பிறகு தொந்தரவு இல்லை.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் மண் கோர்ட் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும். சிமெண்ட் கோர்ட்டை ஸ்பாஞ்ச் ரோலரால் தள்ளி ஒரு மணி நேரத்தில் ஆடத் தயாராக்கலாம், எல்லோரும் கை கொடுத்தால். மற்ற நாள் பெஞ்சில் டீ. வெயில் காலத்துக்கும் ஒரு வார்த்தை: எட்டு மணிக்கு மேல் ஆடாதீர்கள். வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட மோர் கொண்டு வாருங்கள்.

பெண்கள் வருகிறார்களா?

வருகிறார்கள், போதாது. மாலை ஆறு மணி வேளையை யாரும் எழுதி வைக்காமலேயே ஆண்கள் பிடித்துக்கொள்வது பல கிளப்களில் நடக்கிறது. எங்கள் கிளப்பில் இப்போது வாரம் மூன்று மாலை ஒரு கோர்ட் பெண்களுக்கு என்று பலகையில் எழுதியிருக்கிறோம். எழுதிய பிறகுதான் எண்ணிக்கை கூடியது. உங்கள் கிளப்பில் இல்லையென்றால் கேளுங்கள். கலப்பு டபுள்ஸில் பெண்ணைப் பார்த்துத் தயவாக மெதுவாகப் பந்து போடுகிறவர்களுக்கு எங்கள் அக்கா ஒருவர் பாடம் நடத்துவார். ரிட்டர்ன் அவர்கள் காலடியில் வந்து விழும்.

குழந்தையை எந்த வயதில் சேர்க்கலாம்?

ஆறு வயதில் விளையாட்டாக. குழந்தைகளுக்கென்று உள்ள சிவப்புப் பந்து சாதாரண மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. அந்த வரிசையில் போனால் குழந்தை முதல் நாளே பந்தைத் திருப்பி அடிக்கும். எடுத்ததுமே மஞ்சள் பந்தைக் கொடுத்துவிட்டு ‘ஆர்வமே இல்லை’ என்று வருத்தப்படும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்கிறேன்.

டிவியில் எந்தப் போட்டியை எப்போது பார்ப்பது?

நம் கடிகாரப்படி சொல்கிறேன். ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன்: மெல்போர்னில் காலை 11 மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அவர்களுடைய இரவு ஆட்டம் நமக்கு மத்தியானம். மே கடைசியில் பாரிஸ்: பிற்பகல் இரண்டரை முதல். விம்பிள்டன் வெளிக் கோர்ட்டுகள் மூன்றரைக்கு, சென்டர் கோர்ட் மாலை ஆறுக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான போட்டி கிடையாது. அமெரிக்க ஓப்பன்தான் கஷ்டம்: இரவு எட்டரைக்குத் தொடங்கும், அவர்களுடைய இரவு ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை.

2025 பாரிஸ் இறுதிப்போட்டி மாலை ஆறரைக்கு மேல் ஆரம்பித்தது. கிளப்பில் ஒருவர் வீட்டில் பதினாலு பேர் கூடியிருந்தோம். இத்தாலியின் சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதாவது ஒன்றை எடுத்தாலும் பட்டம் என்ற நிலை, கிடைத்தபோது நாலு பேர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்பெயினின் அல்கராஸ் மூன்றையும் காப்பாற்றியதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஐந்து மணி நேரம் 29 நிமிடம் நடந்த ஆட்டம். முடிந்தபோது இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. மறுநாள் திங்கள், ஐந்தே முக்காலுக்குப் பதினோரு பேர் கோர்ட்டில் இருந்தோம்.

ரேங்கிங் எப்படிப் போடுகிறார்கள்?

கடைசி 52 வாரத்தில் எடுத்த பாயிண்டுகள். கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000. அதற்குக் கீழே 1000, 500, 250 என்று போட்டியின் பெயரிலேயே வென்றவருக்கான பாயிண்ட் இருக்கிறது. போன வருடம் எடுத்தது இந்த வருடம் அதே வாரத்தில் கழிந்துவிடும். அதனால்தான் ஒருவர் அரையிறுதி வரை வந்தும் ரேங்க் இறங்குகிறது.

சென்னையில் நேரில் பார்க்க முடியுமா?

முன்பு வருடம் தவறாமல் முடிந்தது. 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில், 1997 முதல் 2017 வரை ஏடிபி போட்டி நடந்தது. பின்னாளில் அது நடந்தது பொங்கலுக்கு முன்னால், மார்கழிக் குளிரில், கச்சேரி சீசன் முடிகிற நேரம். ராஃப்டர் 1998ல் வென்றார், மோயா 2004லும் 2005லும், வாவ்ரிங்கா நாலு முறை. 1997ல் பயஸும் பூபதியும் டபுள்ஸ் பட்டம் வென்றது இங்கேதான்.

2008 அரையிறுதியை நான் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நடாலும் மோயாவும், மூன்று செட், மூன்றும் டை பிரேக், ஏறக்குறைய நாலு மணி நேரம். நடால் ஜெயித்தார். நண்பர்களாக இருந்தும் ஒரு பாயிண்ட்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் இறுதியில் நடாலுக்குக் காலே நகரவில்லை, யூஷ்னியிடம் 0-6, 1-6. இளநீர் விற்றவர்கூட ‘என்ன சார் ஆச்சு?’ என்று கேட்டார்.

2018ல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அந்த ஜனவரியில் எங்கள் பெஞ்ச் வெறிச்சோடியது போல இருந்தது. பிறகு 2022 செப்டம்பரில் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி வந்தது. 17 வயது லிண்டா ஃப்ருஹ்விர்தோவா வென்றார். 2025ல் மறுபடி வந்தது, வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்தே வந்தது, ஆட்டங்கள் தள்ளிப்போயின. இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் பட்டம் வென்றார். வரும்போது தவறவிடாதீர்கள். முதல் சுற்று நாட்களில் பயிற்சிக் கோர்ட் ஓரம் நிற்பது இறுதிப்போட்டிக்கு நிகர்.

நம் ஊரிலிருந்து யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் ராமநாதன் கிருஷ்ணன். 1937ல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், ஆசியாவிலிருந்து முதல் ஆள். 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி. மகன் ரமேஷ் 1979ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். ரமேஷின் சர்வ் மெதுவாகத்தான் வரும். ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய நம்பர் 1 விலாண்டரைத் தோற்கடித்தார். சர்வில் வேகம் இல்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

விஜய் அமிர்தராஜ் சிறுவயதில் நோஞ்சான். 1973ல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதி. அண்ணன் ஆனந்தோடு 1976ல் விம்பிள்டன் டபுள்ஸ் அரையிறுதி. 1974ல் அவர்கள் இருந்த இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆடவில்லை, கோப்பை போனது. இதைக் கிளப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடமாட்டேன்.

கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். தொழில்முறை வீரர்களையும் பெரிய போட்டிகளில் சேர்த்துக்கொண்ட 1968க்குப் பிந்தைய ஓப்பன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்று ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண். சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019ல் உலகத் தரவரிசையில் 75ஆம் இடம் வரை போனார். கோவை ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் ஜோடி.

டிவி பார்த்தால் என் ஆட்டம் தேறுமா?

பந்தைப் பார்த்தால் தேறாது. பந்து இல்லாதவரைப் பாருங்கள். டபுள்ஸ் என்றால் வலையில் நிற்பவரின் காலை மட்டும் ஒரு செட் முழுக்கப் பாருங்கள். எதிராளி அடிக்கிற நொடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் குதி குதிப்பார். அந்தக் குதியை மறுநாள் காலை செய்து பார்த்தால், எட்டாத பந்து எட்டும்.

சரி, முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

கருப்பு அடிப்பாகம் இல்லாத, டென்னிஸுக்கான ஷூ. ஓடுகிற ஷூ பக்கவாட்டில் திரும்பும்போது காலை வாரிவிடும். துண்டு, மோர், தொப்பி. மூன்று பந்துள்ள டப்பா ஒன்று, புதியது. அதை நீங்களே திறந்து பார்ட்னரிடம் கொடுங்கள். ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடுங்கள். வேப்பமரத்தடியில் இருப்பேன்.